எட்டேகால் லிட்டர்

"பிரேக்க விடு செல்வி, நாங்க தள்ளுதோம்" என்று பின்னாலிருந்து வெயிலுமுத்து கத்தினான்.

இசக்கிசெல்வி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டீயரிங் பூட்டு விடுபடச் சாவியைத் திருப்பியிருந்ததால் எதிரே விளக்குகள் எல்லாம் எரிந்தன. பெட்ரோல் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு. காலையில் அவள் பார்த்த அதே முள், அதே விளக்கு. ஆறு பேர் சேர்ந்து தள்ளியதில், ரிப்பேருக்கு வந்திருந்த அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் கடை வாசலை விட்டு மெல்ல நகர்ந்தது.

அப்பாவைக் கொண்டுபோகும் வண்டி வந்து நிற்க இடம் வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடு. அப்பா நம்பிராஜன் கடைக்குள் கிடந்தார். வேலை மேஜையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பெஞ்சு போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். கீழே கடை, மேலே வீடு. தாராவியில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஏணியை நிறுத்திவைத்த மாதிரி இருக்கும் அந்தப் படிகளில் உயிருள்ளவர்கள் ஏறுவதே பெரிய காரியம்.

"ஸ்டார்ட் பண்ணி எடுத்துரலாமே. எதுக்கு இந்தத் தள்ளு தள்ளணும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் வெயிலுமுத்து. சித்தப்பா மகன். தாணேயில் டெம்போ ஓட்டுகிறான். நம்பிராஜனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க அவன்தான் வந்திருந்தான்.

"பெட்ரோல் இல்லண்ணே."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

பக்கத்து மாவு மில் வாசல்வரை போனதும் எல்லோரும் "போதும், போதும்" என்றார்கள். அவள் பிரேக்கை அழுத்தினாள். கார் நின்றது. அப்போது சீட்டுக்குப் பின்னாலிருந்து சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முன்னால் வந்து மோதி, பின்னால் போய், மறுபடியும் ஒருமுறை வந்து அடங்கியது.

இந்தக் காருக்கு டேங்க் சீட்டின் முதுகுக்கு நேர் பின்னால். அஞ்சு வருஷமாக அப்பாவுடன் வண்டி மீட்டர் ரிப்பேர் செய்கிறவளுக்குக் காலி டேங்க் எப்படி இருக்கும் என்று தெரியாதா? அது சளக்கென்று சொல்லாது. அடியில் ஒரு லிட்டர் கிடந்தாலும் அது இப்படிப் போய்த் திரும்பாது.

அவள் சாவியை அணைக்காமல் முள்ளையே பார்த்தாள். முள் அசையவில்லை.

"இறங்கு தாயி, மாமா வந்துட்டாவ" என்று வெயிலுமுத்து கதவைத் திறந்தான்.

கல்யாணிலிருந்து தாய்மாமா பேச்சிராஜா கோடித் துணியோடு வந்துவிட்டார். அவர் வராமல் எதுவும் தொடங்காது என்று காத்திருந்த கூட்டம் எழுந்து நின்றது. செல்வி இறங்கி, காரைப் பூட்டி, சாவியைச் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டாள்.

காலையில் ஏழு மணிக்கு முன்பு நடந்தது இவ்வளவுதான். ஷட்டரைத் தூக்கப் போன அப்பா பாதியில் விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா பேராச்சி மேலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள். செல்வி ஓடி வந்தாள். வாசலிலேயே கார் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. பெரிய ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர். அப்பாவைப் பக்கத்து சீட்டில் சாய்த்து ஒரு அழுத்து அழுத்தினால் அஞ்சு நிமிஷம்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முள் பூஜ்யம்.

வேறு யாராக இருந்தாலும் வருவது வரட்டும் என்று வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். மீட்டர்காரன் வீட்டுப் பெண் அப்படிச் செய்யமாட்டாள். அதுவும் இந்த முள். இரண்டு நாள் அவளே உட்கார்ந்து, டேங்கை வடித்துவிட்டு, அளவுக் கேனில் அஞ்சு அஞ்சு லிட்டராக ஊற்றி ஊற்றிப் பார்த்து நேராக்கிய முள். பூஜ்யத்தைத் தொட்டால் அரைக் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும், அதையும் ஓட்டிப் பார்த்துத் தெருமுனையில் நின்று, ஆள் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். முந்தின நாள் மாலை அப்பா "ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்தார். அவள் மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். கால் டேங்க் கிடந்ததை அப்பா ஊர் சுற்றித் தீர்த்துவிட்டார் என்றுதான் காலையில் நினைத்தாள். வழியில் சிக்னலில் நின்றுபோனால் அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

"டாக்ஸி கொண்டாறேன்ப்பா" என்று இறங்கினாள்.

"வண்டிய எடு" என்றார் அப்பா.

"டேங்க் காலிப்பா."

"போகும்."

"எங்கப்பா போகும்? முள்ளப் பாத்தேன், ஸீரோல நிக்கி."

"போகும்மா" என்று அவர் மறுபடி சொன்னார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. வழக்கமான பிடிவாதம் என்று அவள் நினைத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்ஸி கிடைத்து, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து கடை வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "ஜல்தி லாத்தே தோ பச் ஜாத்தே க்யா?" என்று அவள் கேட்டாள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு அவர் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. "கெஹ் நஹீ சக்தே" என்றார். சொல்ல முடியாது.

அந்தப் பதிலைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில்தான் பெட்ரோல் இல்லையே, ஓடியது ஒன்றுதான் வழி என்று ஒரு பிடி இருந்தது. இப்போது அந்தச் சளக் அதையும் பிடுங்கிக்கொண்டது.

"நீர்மாலைக்கு ஆள் வாங்கப்பா" என்று மாமா கூப்பிட்டார். ஊரில் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். இங்கே குழாயில் காலையோடு தண்ணீர் நின்றுவிடும். மாவு மில்காரர் வீட்டு நீல டிரம்மைச் சுற்றி நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, வெயிலுமுத்து அதிலிருந்து மொண்டான். சங்கு ஊதியவர் மில்காரரின் ஸ்கூட்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் ஊதினார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

செல்வி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் கடைக்குள் இருந்தது. மனசு மாவு மில் வாசலில் இருந்தது. எத்தனை லிட்டர்? ஒன்றா, இரண்டா? ஒன்றரை லிட்டர் என்றால் அந்தச் சத்தம் வருமா?

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. டேங்குக்குள் மிதவை ஒன்று மெல்லிய கம்பியின் நுனியில் மிதக்கும். பெட்ரோல் ஏற இறங்க அதுதான் முள்ளை ஏற்றி இறக்கும். கையில் வரும் எந்த வண்டிக்கும் அப்பா அந்தக் கம்பியை ஒரு நூல் அளவு வளைத்துவிட்டுத்தான் மூடுவார். அப்புறம் முள் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே பெட்ரோல் கிடக்கும். சின்ன வண்டிக்கு அஞ்சு லிட்டர், குடிகார எஞ்சினுக்கு எட்டு. வண்டிக்காரர்களுக்குச் சொல்லமாட்டார். "முள்ளப் பாத்து பயந்தா பம்புக்குப் போவான். ரோட்டுல நின்னு பயந்தா எங்கன போவான்? குடும்பத்தோட பாலத்து மேல நிக்கிறவனுக்கு உன் கரெக்ட் கணக்கு எதுக்குட்டி?" என்பார். டிப்ளமோ படித்துவிட்டு வந்த செல்விக்கு இது பொறுக்காது. மீட்டர் என்றால் உள்ளதைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் அது எதற்கு என்று கத்துவாள். வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சண்டை நடக்கும். அம்மா மேலிருந்து "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்று முடித்துவைப்பாள்.

செம்பூர் ரோஷனின் இந்தக் காருக்கும் அப்பா அதே வேலையைத்தான் இரண்டு வருஷம் முன்பு செய்திருந்தார். ரோஷன் இப்போதுதான் கண்டுபிடித்தான். "நாற்பது லிட்டர் டேங்க், முள் ஸீரோ காட்டும்போது பம்பில் முப்பத்திரண்டுதான் பிடிக்கிறது, கேஜ் ராங்" என்று கொண்டுவந்து விட்டான். அப்பா ஒன்றும் தெரியாத மாதிரித் தலையைச் சொறிந்தார். "இது என் வண்டி, நீங்க தொடாதீக" என்று செல்வி எடுத்துக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் ரோஷனே வந்தான். கையில் பெரிய மாலை, வெள்ளைச் சட்டை, எங்கே செருப்பை விடுவது என்று தெரியாத முகம். மாலையைப் போட்டுவிட்டு அவளிடம் வந்து இந்தியில் சொன்னான். நேற்று மாலை அங்கிள் போன் செய்தாராம். என் மகள் மீட்டரைச் சொட்டுப் பிசகாமல் வைத்திருக்கிறாள், இந்த பம்பாயில் வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று அஞ்சு நிமிஷம் உன்னைப் பற்றியேதான் பேசினார் என்றான். வண்டி இங்கேயே இருக்கட்டும், அவசரமே இல்லை என்று இரண்டு முறை சொன்னான். செல்வி தலையாட்டினாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அப்பாவின் உதட்டருகே அரிசியைக் கொண்டுபோகும்போதும் எத்தனை லிட்டர் என்றுதான் ஓடியது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழவேண்டிய நேரத்தில் இது என்ன புத்தி? அத்தைமார் அழுதார்கள். அம்மா அழவில்லை. காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. செல்வியை மட்டும் அடிக்கடி பார்த்தாள். செல்வி திரும்பிப் பார்த்தால் கண்ணை எடுத்துக்கொண்டாள். அம்மா தன்னைத்தான் குற்றம் சொல்கிறாள் என்று செல்வி நினைத்தாள். சொல்லட்டும், சொன்னால்கூடத் தேவலை என்று இருந்தது.

நாலரைக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போய் நின்றுவிட்டார்கள். வண்டி திரும்பி மறைந்ததும் எல்லோரும் வீடு கழுவத் திரும்பினார்கள்.

செல்வி திரும்பவில்லை. வெளியே கிடந்த வேலை மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஸ்பேனரையும் கைப்பம்பையும் எடுத்தாள். மேஜைக்கு அடியிலிருந்து அளவுக் கேன் இரண்டையும் எடுத்தாள். "ஏ பிள்ள, இன்னைக்குமா?" என்று ஒரு அத்தை கேட்டாள். "வண்டிக்காரன் சாமான் அத்தை" என்று ஏதோ சொல்லிவிட்டு மாவு மில் வாசலுக்குப் போனாள்.

சீட்டுக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றினாள். ஆறு ஸ்க்ரூவில் ஒன்று சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. அப்பாவுக்கு அந்த மூலைக்குக் கை எட்டாது. அங்கேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. வளையத்தைத் திருகி, மிதவையை அப்படியே வெளியே தூக்கினாள். அவள் ஸ்கேல் வைத்து நேராக்கிய கம்பி ஒரு நூல் மேலே வளைந்திருந்தது. குறடு பிடித்த தடம்கூடப் புதுசாக மின்னியது.

அப்புறம் பம்பு அடித்தாள். கேன் அஞ்சு லிட்டர்க் கோட்டைத் தொட்டது. இன்னொரு கேனை வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றைத் தாண்டி ஒரு விரல் ஏறியதும் பம்பு காற்றை உறிஞ்சியது. கேனைச் சமதளமாக வைத்துக் குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று அவள்தான் அப்பாவுக்கே சொல்லுவாள்.

எட்டேகால் லிட்டர்.

இந்த வண்டி நகரத்துக்குள் லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் போகும். அறுபத்தாறு கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்குப் பதினாறு தடவை போய்த் திரும்பலாம். கணக்கு தானாகவே போட்டுக்கொண்டு போயிற்று, அவளால் அதை நிறுத்த முடியவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். "கம்பிய வளச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? "போகும், போகும்" என்றால் என்ன அர்த்தம்? நெஞ்சு வலிக்கிற நேரத்திலும் மகள் கத்துவாள் என்று பயமா? அப்புறம்தான் அவருக்கு மூச்சு இல்லாதது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு வார்த்தையையே அவர் எப்படிச் சேர்த்துப் பிடித்துச் சொன்னாரோ. அதை நம்பாமல் முள்ளை நம்பி ஓடியது நான். முதல்முறையாக, அந்தக் கார் சீட்டில் முகத்தைப் புதைத்து அவள் அழுதாள். மாவு மில்லின் இரைச்சல் அன்றைக்கு இல்லாததால் சத்தம் வராமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழவேண்டியிருந்தது.

அழுது முடித்ததும் பெட்ரோலைத் திருப்பி ஊற்றினாள். கேன் சரிந்து கையிலும் சட்டையிலும் கொட்டியது. கம்பியைத் தொடாமல் மிதவையை அப்படியே உள்ளே இறக்கி மூடினாள். ரோஷனுக்கு என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் கடைக்குள் வந்தபோது தரை கழுவி ஈரமாக இருந்தது. அப்பா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அத்தைமார் குளிக்கப் பின்பக்கம் போயிருந்தார்கள். அம்மா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் குளிப்பாட்ட எடுத்துவைத்த வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தது.

"செல்வி, இங்கன வா."

செல்வி வாசலிலேயே நின்றாள். "என்னம்மா?"

"கிட்ட வாட்டி. ஒண்ணு சொல்லணும். அவிக எல்லாம் வர்றதுக்குள்ள சொல்லணும்."

போய் எதிரே உட்கார்ந்தாள். பேராச்சி விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து சாயந்திரம் அவிய வண்டிய விட்டுட்டு மேல வந்தாவ. ஒரே சிரிப்பு. பிள்ள கம்பிய நேராக்கி வச்சிருந்தா, நான் பழையபடி வளச்சுட்டேன், ரெண்டு நாளு வேல, தெரிஞ்சா கத்துவா, நீ சொல்லிராத, நானே பக்குவமா சொல்லிக்கிடுதேன்னாவ. நானும் சரின்னு காப்பியக் குடுத்தேன்."

பேராச்சி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"காலைல நீ காலிங்க, அவிய போகுங்காவ. நான் மரம் மாதிரி நிக்கேன். எனக்கு அது நெனப்புக்கே வரலட்டி. நீ ஓடிப் போன பொறவுதான் பளிச்சுன்னுச்சு. அப்ப நீ இல்ல. உன் போனையும் மேலயே போட்டுட்டுப் போயிட்ட. எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அவிய கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்." அம்மா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "நான் வாயத் தொறந்திருந்தா நீ எடுத்திருப்ப. எடுத்திருப்பல்லா?"

எடுத்திருப்பேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காலையிலிருந்து அம்மா தன்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது அப்போதுதான் செல்விக்குப் புரிந்தது.

"நீ இப்ப அந்த வண்டியத்தான் தொறந்து பாத்தியாம், அத்தை சொன்னா" என்றாள் பேராச்சி. இப்போது நேராக மகளைப் பார்த்தாள். "மறைக்காம சொல்லு. பெட்ரோலு கெடந்துச்சா?"

எட்டேகால். அது செல்வியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எதையும் அளந்ததில்லை.

"இல்லம்மா."

"இல்லியா?"

"காலிதான். அப்பா ஊர் சுத்தித் தீத்துட்டாவ. கம்பிய வளச்சு என்ன, உள்ள ஒண்ணுமில்ல. எடுத்திருந்தாலும் சிக்னல்ல நின்னிருப்போம். டாக்ஸிதான் சரி."

பேராச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளையின் கையை எடுப்பது போல் மகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். தடவிய கை பாதியில் நின்றது. செல்வியின் கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். விரலில் ஆரம்பித்து மணிக்கட்டு, முழங்கை, சட்டைக் கை என்று மெல்ல மேலே போனாள். முப்பது வருஷமாக அந்த வீட்டுத் துணிகளில் பெட்ரோல் வாடையைத் துவைத்தவள் அவள்.

செல்வி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

பின்பக்கம் அத்தைமார் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பேராச்சி சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எந்திரி" என்றாள். "ஆள் வந்துருவாக."

வாளியைத் தானே வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். சோப்பை எடுத்து மகள் கையில் வைத்தாள். செம்பில் மொண்டு ஊற்றினாள். செல்வி தேய்த்தாள். அம்மா மறுபடியும் ஊற்றினாள்.

"விரல் இடுக்குல தேயி" என்றாள்.

தேய்த்தாள். வாளியில் பாதித் தண்ணீர் ஆகும்வரை பேராச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.